தொப்புள் கொடி ரத்தம்: ஃப்ரீஸர்ல இருக்கிற பேக்கப் யாருக்கு உதவும்?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு எபிசோட் வழக்கமான டெக் எபிசோட் இல்ல. ஆனா ஒரு விதத்துல பேக்கப் பத்தினதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. அக்காகிட்ட இருந்து போன். அவ அப்போ ஏழாவது மாசம்.

"டேய், ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். அதுக்கப்புறம் அந்த ஆஃபர் கிடையாதாம்."

என்ன ஆஃபர்னு கேட்டா, தொப்புள் கொடி ரத்தத்தைச் சேமிச்சு வைக்கிற ஆஃபர். ஸ்கேன் சென்டர்ல ஒரு ஃபார்ம்ல போன் நம்பர் எழுதிக் குடுத்திருக்கா. ரெண்டு நாள்ல போன் வந்துடுச்சு. அடுத்த வாரம் டை கட்டின ஒருத்தர் லேப்டாப்போட வீட்டுக்கே வந்து முக்கால் மணி நேரம் பேசிட்டுப் போயிருக்கார். 60 ஆயிரம் ரூபாய், இ.எம்.ஐ. வசதி உண்டு, 80-க்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பாதுகாப்பு. போகும்போது கடைசியா ஒரு வரி: "மேடம், இது வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் கிடைக்கிற வாய்ப்பு."

மாமா யோசிக்கிறார். அப்பா, "ஒரு எஃப்.டி.யை உடைச்சிடலாம்"னு சொல்லிட்டார். அம்மா, "ரெண்டு பட்டுப்புடவைக்கு ஆகுற காசு, குழந்தைக்குப் பண்ணா என்ன?"ன்னு கேட்கிறாங்க. அக்கா என்கிட்ட சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு: "நாளைக்கு இவனுக்கோ இவளுக்கோ ஏதாவது ஒண்ணுன்னா, அன்னைக்கு 60 ஆயிரத்துக்குக் கணக்குப் பார்த்தேனேன்னு ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டே இருப்பேன்டா. நீதான் எல்லாத்தையும் படிப்பியே, படிச்சுட்டுச் சொல்லு."

சனிக்கிழமை முழுக்கப் படிச்சேன். அப்புறம் பல வாரம் படிச்சுக்கிட்டே இருந்தேன். நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். அதனால இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. உங்க டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க ஒரு கையேடா எடுத்துக்கோங்க.

அந்த ரத்தத்துல அப்படி என்ன இருக்கு?

குழந்தை பிறந்து, கொடியை வெட்டின பிறகு, நஞ்சுக்கொடியிலயும் தொப்புள் கொடியிலயும் கொஞ்சம் ரத்தம் மிச்சம் இருக்கும். காலங்காலமா அதை நஞ்சோட சேர்த்து அப்புறப்படுத்திட்டு இருந்தோம். அந்த ரத்தத்துல ரத்த ஸ்டெம் செல்கள் நிறைய இருக்கு. அதாவது சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாத்தையும் உருவாக்கக்கூடிய மூல செல்கள். பெரியவங்க உடம்புல இதே வகை செல்கள் எலும்பு மஜ்ஜையில இருக்கு.

இங்க ஒரு விஷயத்தை முதல்லயே பிடிச்சுக்கணும். இது ரத்தத்தையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் உருவாக்குற ஸ்டெம் செல். இதுல இருந்து புது கிட்னி, புது இதயம், புது மூளை வளர்க்கிற சிகிச்சை எதுவும் இன்னைக்கு நடைமுறையில இல்ல. ஸ்டெம் செல்ங்கிற ஒரே வார்த்தையைக் கேட்டதும் எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சுக்கிறோம். விற்பனைப் பேச்சு முக்கால்வாசி ஓடுறது இந்தக் குழப்பத்துல ஏறித்தான்.

1988, பாரிஸ்

இதையெல்லாம் பித்தலாட்டம்னு சொல்ல வரல. கொடி ரத்தம் நிஜமாவே உயிரைக் காப்பாத்தியிருக்கு.

1988 அக்டோபர். அமெரிக்காவுல இருந்து ஒரு அஞ்சு வயசுப் பையனை பாரிஸ்ல இருக்கிற செயின்ட் லூயி மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வர்றாங்க. அவனுக்கு ஃபான்கோனி அனீமியா. எலும்பு மஜ்ஜை கொஞ்சம் கொஞ்சமா செயலிழந்து போற பரம்பரை நோய். அவனுக்கு ஒரு தங்கச்சி பிறக்கிறா. அவளுக்கு அந்த நோய் இல்ல, திசுவும் அண்ணனோட பொருந்துதுன்னு பிறக்கிறதுக்கு முன்னாடியே சோதிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அவ பிறந்தப்போ கொடி ரத்தத்தைச் சேகரிச்சு, இண்டியானாவுல ஹால் பிராக்ஸ்மேயர் ஆய்வகத்துல உறைய வச்சு, பாரிஸுக்கு எடுத்துட்டுப் போறாங்க. எலியான் குளூக்மன்ங்கிற டாக்டரோட குழு அதை அந்தப் பையனுக்குச் செலுத்துது. பையன் பிழைச்சான். வளர்ந்து பெரியவனும் ஆனான்.

உலகத்தோட முதல் கொடி ரத்த மாற்று சிகிச்சை அதுதான். அந்தக் கதையில மூணு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, நோயாளி யாருன்னு முன்னாடியே தெரியும். ரெண்டு, பொருந்துமான்னு முன்னாடியே சோதிச்சாங்க. மூணு, ரத்தம் குடுத்தது ஒரு குழந்தை, வாங்கினது இன்னொரு குழந்தை. தன்னோட ரத்தத்தைத் தானே திரும்ப வாங்கிக்கல. மீதி எபிசோட் முழுக்க இந்த மூணாவது விஷயத்தைச் சுத்தித்தான்.

பேக்கப்ல அதே பக்

விற்பனைக்கு வந்தவர் அக்காகிட்ட சொன்ன உவமை: "இது உங்க குழந்தைக்கு ஒரு பேக்கப் மேடம்." எனக்கு அந்த இடத்துலதான் பொறி தட்டுச்சு. பேக்கப் எப்போ உதவும், எப்போ உதவாதுன்னு எனக்குத் தெரியும். அதுதானே என் வேலை.

சர்வர்ல ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுன்னா பேக்கப் உதவும். ஆனா பிரச்சினை கோட்லயே இருந்தா? நீங்க பேக்கப் எடுத்த அன்னைக்கே அந்த பக் உள்ள இருந்தா? எத்தனை தடவை ரீஸ்டோர் பண்ணாலும் அதே பக்தான் திரும்பி வரும்.

கொடி ரத்தத்துலயும் இதுதான் கதை. தலசீமியாவை எடுத்துக்கோங்க. அது மரபணுவுல இருக்கிற பிழை. குழந்தைக்கு அந்த நோய் இருந்தா, அதோட கொடி ரத்தத்துல இருக்கிற ஒவ்வொரு ஸ்டெம் செல்லுலயும் அதே பிழை இருக்கும். சிக்கிள் செல் நோய்க்கும் அப்படித்தான். அந்தக் குழந்தைக்கு அதோட சொந்த ரத்தம் இதுக்கு உதவாது.

சரி, ரத்தப் புற்றுநோய்? அது பிறந்த பிறகு வர்றதுதானே? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டன்ல மெல் கிரீவ்ஸ்ங்கிற ஆய்வாளரோட குழு 1990-கள்ல ஒரு வேலை பண்ணாங்க. லுக்கேமியா வந்த குழந்தைகளோட பழைய ரத்தச் சொட்டு அட்டைகளைத் தேடி எடுத்தாங்க. அது பிறந்த உடனே குதிகால்ல குத்தி எடுத்து வச்ச ரத்தம். நோய் வர்றதுக்குப் பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த அந்தச் சொட்டுலயே, பல குழந்தைகளுக்கு லுக்கேமியாவோட முதல் மரபணு மாற்றம் இருந்துச்சு. அப்போ கொடி ரத்தத்துலயும் அது இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கு. லுக்கேமியாவுக்கு அடுத்தவங்க ஸ்டெம் செல் குடுக்கும்போது, அந்தப் புது நோய் எதிர்ப்பு செல்கள் மிச்சம் இருக்கிற புற்றுநோய் செல்களை அந்நியமா பார்த்து அடிக்கும். பாதி குணமே அந்தச் சண்டையாலதான். சொந்த செல்லுக்கு அந்தக் கோபம் வராது.

இப்போ அந்த "80-க்கும் மேற்பட்ட நோய்கள்" பட்டியலுக்கு வருவோம். பட்டியல் பொய் இல்ல. அந்த நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை உண்டு. ஆனா அதுல பெரும்பாலானதுக்குத் தேவை இன்னொருத்தரோட செல். "சிகிச்சை இருக்கு"ங்கிறதும் "உங்க குழந்தையோட சொந்த ரத்தமே அதுக்குச் சிகிச்சை"ங்கிறதும் வேற வேற வாக்கியம். பிரவுச்சர்ல ரெண்டும் ஒண்ணா ஒட்டியிருந்துச்சு.

சொந்த செல்லே போதும்னு இருக்கிற சில புற்றுநோய்கள் உண்டு. நியூரோபிளாஸ்டோமா ஒரு உதாரணம். ஆனா அதுக்குக் குழந்தையோட ரத்தத்துல இருந்தே அந்த நேரத்துல ஸ்டெம் செல்லைப் பிரிச்சு எடுக்க முடியும். வருஷக்கணக்கா ஃப்ரீஸர்ல வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

அமெரிக்க மாற்று சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2008-ல ஒரு மதிப்பீடு சொல்லுச்சு. ஒரு குழந்தை தன்னோட முதல் 20 வருஷத்துல தன் சொந்தக் கொடி ரத்தத்தையே பயன்படுத்துறதுக்கான வாய்ப்பு 2,500-ல ஒண்ணுல இருந்து 2 லட்சத்துல ஒண்ணு வரைக்கும்.

நல்ல பக்கத்தையே எடுத்துப்போம், 2,500-ல ஒண்ணு. ஆளுக்கு 60 ஆயிரம்னா, 2,500 குடும்பம் சேர்ந்து 15 கோடி ரூபாய் கட்டினா ஒரு குழந்தைக்குப் பயன்படும். மோசமான பக்கத்தை எடுத்தா 1,200 கோடி.

"இன்சூரன்ஸும் அப்படித்தானே?"ன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா இன்சூரன்ஸ்ல கெட்டது நடந்தா பணம் வரும்னு ஒப்பந்தம் இருக்கு. இங்க அக்காவுக்குக் குடுத்த ஒப்பந்தத்தை நான் வரிக்கு வரி படிச்சேன். சேமிச்ச சாம்பிள் சிகிச்சைக்குப் பயன்படும்னு எந்த உத்தரவாதமும் இல்லன்னு எழுதியிருந்துச்சு. தப்பு அவங்க பக்கம்னாலும் நாம கட்டின பணத்துக்கு மேல எதுவும் கேட்க முடியாதுன்னும் எழுதியிருந்துச்சு. அதை எழுதினதுல தப்பில்ல, அது நேர்மை. ஆனா வாயால சொன்னதுல அது ஒரு வரிகூட வரல.

அடுத்த கணக்கு, செல் எண்ணிக்கை. மாற்று சிகிச்சைக்கு நோயாளியோட எடையில ஒரு கிலோவுக்குக் குறைஞ்சது சுமார் 2.5 கோடி செல் வேணும். 20 கிலோ குழந்தைன்னா 50 கோடி. 70 கிலோ இளைஞன்னா 175 கோடி. ஒரு சாதாரணக் கொடி ரத்தப் பையில சுமார் 100 கோடி இருந்தாலே நல்ல சேகரிப்பு. பல பைகள்ல அதைவிடக் குறைவுதான் இருக்கும். அதனாலதான் பெரியவங்களுக்குச் சில சமயம் ரெண்டு வெவ்வேறு குழந்தைகளோட பைகளைச் சேர்த்துக் குடுக்கிறாங்க. குழந்தை வளர வளர பை வளராது. "ஆயுசுக்கும் பாதுகாப்பு"ன்னு சொல்லும்போது யாரும் இதைச் சொல்றதில்ல.

75 வருஷம் பத்திரமா இருக்கும்னு ஒரு பிளான் இருந்துச்சு. முதல் மாற்று சிகிச்சை நடந்ததே 1988-ல. இந்தத் துறைக்கே இன்னும் 40 வயசு ஆகல. சரியா உறைய வச்சா 20 வருஷம் தாண்டியும் செல் உயிரோட இருக்குன்னு பிராக்ஸ்மேயர் குழுவே நிரூபிச்சிருக்காங்க. ஆனா 75-ங்கிறது இன்னும் யாரும் பார்க்காத ஊர்.

எப்போ கட்டாயம் எடுத்து வைக்கணும்?

இதை அழுத்திச் சொல்லணும், ஏன்னா இங்கதான் உயிர் இருக்கு.

வீட்டுல ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தலசீமியா மேஜர் மாதிரி, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையால குணமாகக்கூடிய நோய் இருந்து, அம்மா மறுபடி கர்ப்பமா இருந்தா, பிறக்கப்போற தம்பி தங்கச்சியோட கொடி ரத்தம் பொன்னு மாதிரி. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான ஐ.ஏ.பி. 2018-ல வெளியிட்ட கருத்துல இதைத்தான் சொல்லியிருக்கு. குடும்பத்துல அப்படி ஒரு நோயாளி இருந்தா சேமிக்கிறதை வலுவா பரிந்துரைக்கிறோம். மத்தபடி தனியார் பேங்க்ல வைக்கிறதை உயிரியல் காப்பீடுன்னு எடுத்துக்கக் கூடாது.

அங்கயும் கணக்கைத் தெரிஞ்சு வச்சுக்கணும். கூடப் பிறந்தவங்களோட திசு முழுசா பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. தலசீமியா கேரியர் பெற்றோருக்குப் பிறக்கிற குழந்தைக்கு அந்த நோய் இல்லாம இருக்க நாலுல மூணு வாய்ப்பு. ரெண்டும் வெவ்வேறு குரோமோசோம்ல இருக்கிறதால பெருக்கிக்கலாம்: 16-ல மூணு. சுமார் 19 சதவீதம். 2,500-ல ஒண்ணோட ஒப்பிட்டா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் உறுதி இல்ல. அதனால ரத்த நோய் நிபுணர்கிட்ட பிரசவத்துக்கு முன்னாடியே பேசணும்.

தலசீமியா மாற்று சிகிச்சை நமக்குத் தூரத்து விஷயமும் இல்ல. வேலூர் சி.எம்.சி.யில 1986-லயே எலும்பு மஜ்ஜை மூலமா அதை ஆரம்பிச்சுட்டாங்க. இந்தியாவுல நூத்துல மூணு நாலு பேர் இந்த மரபணுவோட கேரியர். அவங்களுக்கு எந்த அறிகுறியும் பெருசா இருக்காது. கணவன் மனைவி ரெண்டு பேரும் கேரியரா இருந்தாத்தான் பிரச்சினை. இதைக் கண்டுபிடிக்க எச்.பி.ஏ2 அளவு பார்க்கிற ஒரு ரத்தப் பரிசோதனை போதும். 60 ஆயிரம் ரூபாய் ஃப்ரீஸரைவிட இந்தச் சின்ன டெஸ்ட் எத்தனையோ குடும்பத்துக்கு அதிகமா உதவும். அதுக்கு வீடு தேடி வந்து பேச யாரும் இல்லங்கிறதுதான் வித்தியாசம்.

தனியார், பொது, கம்யூனிட்டி

மூணு விதமான பேங்க் இருக்கு.

தனியார்ல நீங்க பணம் கட்டுறீங்க, பை உங்க குடும்பத்துக்கு.

பொது பேங்க் ரத்த வங்கி மாதிரி. நீங்க தானம் குடுக்கிறீங்க, தேவைப்படுற யாருக்கும் போகும். 1992 வாக்குல நியூயார்க் ரத்த மையத்துல பாப்லோ ரூபின்ஸ்டைன் இப்படி ஒண்ணை ஆரம்பிச்சார். உலகத்துல கொடி ரத்தம் காப்பாத்தின உயிர்கள்ல பெரும்பங்கு இந்தப் பொது பேங்குகள் மூலமாத்தான். ஒரு உதாரணம்: 2022 பிப்ரவரியில எச்.ஐ.வி.யில இருந்து விடுபட்டதா அறிவிச்ச நியூயார்க் பெண். அவருக்கு லுக்கேமியாவும் இருந்துச்சு. எச்.ஐ.வி. உள்ளே நுழைய முடியாத மாதிரி இயற்கையாவே மரபணு மாற்றம் இருந்த ஏதோ ஒரு குழந்தையோட கொடி ரத்தத்தைத் தேடிப்பிடிச்சு 2017-ல குடுத்தாங்க. அந்தக் குழந்தையோட அம்மா அதைத் தன் வீட்டுக்குன்னு பூட்டி வச்சிருந்தா இது நடந்திருக்காது.

இந்தியாவுல பொது பேங்க் ரொம்பக் குறைவு. சென்னையில ஜீவன் அமைப்பு அப்படி ஒண்ணை நடத்தியிருக்கு. ஒவ்வொரு பையையும் சோதிச்சு, உறைய வச்சு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல பல வருஷம் பராமரிக்கணும். அந்தச் செலவை தானம் குடுக்கிறவங்ககிட்ட வாங்க முடியாது. அரசோ நன்கொடையாளரோ தாங்கினாத்தான் அது நிக்கும்.

மூணாவது, கம்யூனிட்டி பேங்க். பணம் கட்டின குடும்பங்கள் தங்களுக்குள்ள பைகளைப் பகிர்ந்துக்கிற முறை. தர்க்கப்படி பார்த்தா தனி ஃப்ரீஸரைவிட இது பரவாயில்ல. ஏன்னா உங்களுக்குத் தேவை அடுத்தவங்க செல்தான்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. ஆனா கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது: பைகள்ல சராசரி செல் எண்ணிக்கை எவ்வளவு? மாற்று சிகிச்சைக்கு இதுவரை எத்தனை பை வெளிய போயிருக்கு? செல் குறைவா இருந்தா பணம் திரும்ப வருமா?

இன்னொண்ணு. சிலர் கொடி ரத்தத்தோட சேர்த்துக் கொடித் திசு, பால் பல் எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா விக்கப் பார்ப்பாங்க. ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டுதல்படி இந்தியாவுல கொடி ரத்தத்தைச் சேமிக்க மட்டும்தான் அனுமதி. மத்ததையெல்லாம் வணிகரீதியா சேமிக்க அனுமதி இல்ல.

பணம் மட்டும் செலவு இல்ல

இதுவரைக்கும் படிச்சப்போ, "சரி, பணம் வீணாகும், அவ்வளவுதானே, இருந்தா கட்டட்டும்"னுதான் நினைச்சேன். அடுத்த விஷயத்தைப் படிச்சப்போதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த ரத்தம் யாருது? குழந்தையோடது.

பிறந்த குழந்தை உடம்புல மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான். பிறந்த உடனே கொடி துடிச்சுக்கிட்டே இருக்கும். நஞ்சுல இருக்கிற ரத்தம் குழந்தைக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். உடனே கிளிப் போட்டு வெட்டாம காத்திருந்தா, ஒண்ணுல இருந்து மூணு நிமிஷத்துல 80 முதல் 100 மில்லி வரைக்கும் குழந்தைக்குப் போகும். அதுல இருக்கிற இரும்புச்சத்து அடுத்த பல மாசத்துக்குக் குழந்தைக்குச் சேமிப்பு. அதனாலதான் ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி கொடியை வெட்டாதீங்க, ஒண்ணுல இருந்து மூணு நிமிஷம் விடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இப்போ முடிச்சு எங்கன்னு பாருங்க. குழந்தைக்கு எவ்வளவு போகுதோ, அவ்வளவு பைக்குக் குறையும். பை நிறையணும்னா சீக்கிரம் வெட்டணும். குழந்தைக்கு நல்லதுன்னா காத்திருக்கணும். கொடி ரத்தம் சேகரிக்கிறதுக்காக இந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-ல தெளிவா சொல்லியிருக்கு. ஆனா நம்மகிட்ட பேச வர்ற ஆள் இந்தப் பேச்சை எடுக்கிறதில்ல.

நம்ம நாட்டுல இது சின்ன விஷயமும் இல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 57 சதவீதம். 2,500-ல ஒண்ணுக்குப் பயந்து, பாதிக்கு மேல பிள்ளைகளுக்கு இருக்கிற பிரச்சினைக்கு எதிரான இலவச மருந்தைப் பையில பிடிச்சு உறைய வைக்கிறோம். அந்த ரத்தத்தைப் பத்திரமா வைக்கிறதுக்குச் சிறந்த இடம் குழந்தையோட உடம்புதான்.

ஆட்டிசம், மூளை வாதம்

இதைக் கவனமா பேசணும். ஏன்னா இந்த நம்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற பெற்றோர் நிறைய பேர்.

அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல ஜோன் குர்ட்ஸ்பெர்க் இருக்கிற குழு, ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளை வச்சு முறையான ஒரு சோதனை நடத்தி 2020-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குக் கொடி ரத்தம், மீதிப் பேருக்கு வெறும் திரவம். எது யாருக்குன்னு பெற்றோருக்குத் தெரியாது. முக்கியமா அளக்க நினைச்ச சமூகத் திறன்ல ரெண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியல. மூளை வாதத்துக்கும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு. ஆராய்ச்சி நடக்கிறது நல்லது. ஆனா ஆராய்ச்சியைச் சிகிச்சைன்னு சொல்லி விக்கிறது வேற.

தாயத்துல ஸ்டெம் செல்?

வாட்ஸ்அப்ல இதை நீங்களும் பார்த்திருப்பீங்க. "தொப்புள் கொடியைக் காய வச்சு வெள்ளித் தாயத்துல போட்டு இடுப்புல கட்டினானே தமிழன், அன்னைக்கே ஸ்டெம் செல் தெரிஞ்சு வச்சிருந்தான்!" என் அம்மாவும் இதை ஃபார்வேர்ட் பண்ணியிருக்காங்க.

என் தாயத்தும் பீரோவுல இருக்கு. அதுல எனக்குப் பாசம் உண்டு. ஆனா செல் உயிரோட இருக்கணும்னா உறையும்போது உடையாம இருக்க ஒரு ரசாயனம் சேர்த்து, கணினி கட்டுப்பாட்டுல மெதுவா குளிர வச்சு, மைனஸ் 196 டிகிரியில வைக்கணும். வெயில்ல காய்ஞ்ச கொடியில உயிரோட ஒரு செல்கூட இருக்காது. அதோட சிகிச்சைக்குத் தேவையான செல் இருக்கிறது கொடிக்குள்ள ஓடுற ரத்தத்துல. தாயத்து ஒரு அம்மாவோட ஞாபகம். அதுக்கு விஞ்ஞான சர்டிஃபிகேட் தேவையில்ல.

அக்காவுக்கு நான் சொன்னது

ஞாயித்துக்கிழமை காலையில அக்கா வீட்டுக்குப் போனேன். டைனிங் டேபிள்ல எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன்.

முதல் கேள்வி: நம்ம ரெண்டு குடும்பத்துலயும் மாற்று சிகிச்சை தேவைப்படுற ரத்த நோய் யாருக்காவது இருக்கா? இல்ல.

ரெண்டாவது: தலசீமியா டெஸ்ட் எடுத்தாச்சா? அக்காவுக்கு மூணாவது மாசமே டாக்டர் எடுத்திருக்காங்க. நார்மல். அவளுக்கே அது ஞாபகம் இல்ல, ஃபைல்ல இருந்துச்சு.

மூணாவது: டாக்டர்கிட்ட கொடியை எப்போ வெட்டுவீங்கன்னு கேட்டாச்சா? இல்ல. அடுத்த செக்கப்ல கேட்கச் சொன்னேன்.

அப்பா மட்டும், "காசு நான் தர்றேன்னு சொல்றேனே, அப்புறம் என்ன?"ன்னார். நான், "காசு பிரச்சினை இல்லப்பா. அந்த ரத்தம் பையில இருக்கிறதைவிட உங்க பேரப்பிள்ளை உடம்புல இருக்கட்டும்"னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இதை அந்தத் தம்பி சொல்லவே இல்லையே"ன்னார்.

அக்காவோட அந்தக் கேள்விக்கு, "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"ங்கிறதுக்கு, என்கிட்ட முழுப் பதில் இல்ல. எந்தக் கணக்கும் ஒரு அம்மாவோட பயத்தைப் பூஜ்யமாக்காது. நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்படி ஒண்ணு வந்தாலும், பெரும்பாலும் தேவைப்படப்போறது வேற ஒருத்தரோட செல். அதுக்கு ரிஜிஸ்ட்ரி இருக்கு. இப்போ பாதி பொருந்துற அப்பா அம்மாகிட்ட இருந்தே மாற்று சிகிச்சை பண்றாங்க. நீ எதையும் கைவிடல." அக்கா அழுதா. மாமா அந்த ஆளுக்கு, "வேண்டாம் சார், நன்றி"ன்னு மெசேஜ் அனுப்பினார். ஒரு மணி நேரத்துல ஆஃபர் இன்னும் பத்தாயிரம் குறைஞ்சு திரும்பி வந்துச்சு.

மருமக பிறந்தா. டாக்டர் சொன்ன மாதிரியே ஒரு நிமிஷத்துக்கு மேல காத்திருந்துதான் வெட்டினாங்களாம். மாமா உள்ள நின்னு வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார்.

நான் என் பங்குக்கு ஒண்ணு பண்ணேன். 2009-ல சென்னையில ஆரம்பிச்ச தாத்ரி ஸ்டெம் செல் ரிஜிஸ்ட்ரியில பேர் குடுத்தேன். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சால ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். என்னைக்காவது யாருக்காவது என் திசு பொருந்தினா கூப்பிடுவாங்க. உங்கள்ல 18 வயசு தாண்டி ஆரோக்கியமா இருக்கிறவங்க இதை யோசிங்க. உண்மையான கம்யூனிட்டி பேங்க் நாமதான், ஃப்ரீஸர்கூட வேண்டாம்.

உங்க வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை ஆஃபர் முடியறதுக்கு முன்னாடி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.